மாமியை ஏற்றிய லொறி

கல்லடிப் பாலத்துக்கு இந்தப் பக்கமே லொறி இரண்டு தரம் இருமிவிட்டு நின்றுபோனது. றம்ஸீன் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்து, "யா அல்லாஹ், இண்டைக்கா?" என்று முனகினான்.

பக்கத்து சீற்றில் அவனுடைய மாமி ஆயிஷா உம்மா. பின்னால் தறப்பாளுக்குள் மூட்டை முடிச்சுகள். கலியாணம் முடித்த நாளிலிருந்து அவன் கேட்ட துஆ இன்றைக்குத்தான் பலித்திருந்தது. மாமி வீட்டை விட்டுப் போகிறாள்!

"என்ன மருமகன், எண்ணெய் முடிஞ்சிட்டா?"

முடிந்துதான் விட்டது. லொறியின் எண்ணெய் முள் செத்து வருசக்கணக்கு. தினமும் டாங்கிக்குள் குச்சியை விட்டு அளந்து பார்க்கிறவன், இன்றைக்கு இருந்த சந்தோசப் புளுகத்தில் குச்சியையும் மறந்தான், டாங்கியையும் மறந்தான்.

புளுகம் இருக்காதா? மூத்த மகளுக்குக் கலியாணம் முடிந்தால், வீட்டை அவளுக்கு விட்டுவிட்டுத் தாய் வேறு வீடு பார்த்துப் போவதுதான் காத்தான்குடி வழமை. மாப்பிள்ளை வந்து குடியேறுவான். றம்ஸீனும் ஏறாவூரிலிருந்து வந்து குடியேறினான். வந்த கையோடு, "உன்ட உம்மா எப்ப போறா?" என்று மனைவி முப்லிஹாவை அரிக்கத் தொடங்கினான். மாமியின் மீன் ஆணத்தில் உப்பு அதிகம், மாமி இருமினால் தூக்கம் போகிறது, மாமி மின்விசிறிக்கு நேரே படுக்கிறாள் என்று நாளுக்கொரு முறைப்பாடு.

போன கிழமை மாமியே வாயைத் திறந்தாள். "ஏறாவூரில உங்கட உம்மாட தெருவிலேயே இடம் பாத்திட்டன். லொறியக் கொண்டு வாங்க மருமகன்."

தன் தாயோடு சண்டை பிடிக்க வசதியாகத்தான் அந்தத் தெருவைத் தேடிப் பிடித்திருக்கிறாள் என்று றம்ஸீன் நினைத்தான். பிடிக்கட்டும், அது உம்மாவின் பாடு. இன்று அவன் லுஹர் தொழுதுவிட்டு வருவதற்குள் தாயும் மகளும் எல்லாவற்றையும் ஏற்றி, தறப்பாளையும் இழுத்துக் கட்டியிருந்தார்கள். ஒரு பெட்டியைத் தூக்கும் வேலைகூட அவனுக்கு வைக்கவில்லை.

வழியில் வந்த ஓட்டோக்காரர் றோய் பாவம் பார்த்து, ஒரு கானில் டீசல் வாங்கிவந்து கொடுத்தார். றம்ஸீன் ஊற்றிவிட்டுச் செல்ப் அடித்தான். லொறி பிடிக்கவில்லை. திரும்பவும் அடித்தான். இப்போது பெற்றரியும் சோர்ந்துபோய் முனகியது.

"எயார் பிடிச்சிட்டு தம்பி," என்றார் றோய். "குழாய் முழுக்கக் காத்துத்தான். அத எடுக்காம எவ்வளவு அடிச்சாலும் சரிவராது." சொல்லிவிட்டு அவர் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

காற்றை எடுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் கைப்பம்பை அமத்த, மற்றவர் நட்டைத் தளர்த்தி, நுரை அடங்கிச் சுத்தமான டீசல் வரும்போது இறுக்க வேண்டும். றம்ஸீன் சுற்றுமுற்றும் பார்த்தான். வேறு வழியில்லை.

"மாமி, கொஞ்சம் இறங்குறீங்களா?"

மாமி அபாயாவின் கையை மடித்துக்கொண்டு இறங்கினாள். ஏனோதானோ என்று அமத்தினாள். நட்டடியில் நுரை மட்டும்தான் பொங்கியது. பின்னேர வெயில் மண்டையைப் பிளந்தது. றம்ஸீனின் முகம், கழுத்து, சட்டையெல்லாம் டீசல். பார்க்கவே பரிதாபமாக இருந்தது. மாமிக்கும் அப்படித்தான் பட்டிருக்க வேண்டும், பம்பிலிருந்து கையை எடுத்தாள்.

"மருமகன், இந்தக் கஷ்டம் என்னத்துக்கு? ஸ்டார்ட் வந்தா லொறியத் திருப்புங்க, வீட்டயே போவம். எல்லாரும் ஒண்டா இருப்பம். முப்லிஹாட்ட நான் சொல்றன்."

றம்ஸீன் துள்ளி எழும்பினான். இவ்வளவு தூரம் கொண்டுவந்ததைத் திருப்பிக் கொண்டு போவதா?

"விசர்க்கதை கதைக்காதீங்க மாமி! உங்கட மூஞ்சில முழிச்சது போதும். இந்தச் சாமான இண்டைக்கு ஏறாவூரில இறக்காம நான் விட மாட்டன். வல்லாஹி!"

"யோசிச்சுத்தான் சொல்றீங்களா?"

"இதில யோசிக்க என்ன இருக்கு? அமத்துங்க மாமி!"

மாமி முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டு இரண்டு கையாலும் அமத்தினாள். தேங்காய்ப்பூவைப் பிழிகிற மாதிரி அப்படியோர் அமத்து. நுரை ஓடி, டீசல் சீறிக்கொண்டு வந்து அவன் மீசையில் அடித்தது. நட்டை இறுக்கிவிட்டு ஓடிப்போய்ச் செல்ப் அடித்தான். லொறி குலுங்கி, கறுப்புப் புகையைக் கக்கி, உயிர்பெற்றது.

"மாமி, நீங்க கெட்டிக்காரி!" வாழ்க்கையில் முதல் தடவையாக மாமியைப் புகழ்ந்தான்.

பாலத்தைத் தாண்டி, வாவிக் காற்றில் விசிலடித்துக்கொண்டே ஓட்டினான். இன்றிரவு மின்விசிறிக்குக் கீழே எந்தப் பக்கம் தலை வைத்துப் படுப்பது என்பதுவரை யோசித்து முடித்துவிட்டான்.

ஏறாவூரில் தன் தாயின் தெருவுக்குள் திரும்பியதும், "எந்த வீடு மாமி?" என்றான்.

"உங்கட உம்மாட வாசல்ல நிப்பாட்டுங்க."

சம்பந்திக்கு முதலில் சலாம் சொல்லப் போகிறாளாக்கும் என்று நிறுத்தினான். மாமி இறங்கிப் பின்னால் போய், தறப்பாளின் கயிற்றை அவிழ்த்துவிட்டாள். மேலே அவனுடைய சாறன்கள். அவற்றுக்குக் கீழே அவனுடைய கரம் போர்ட், அவனுடைய சப்பாத்துகள், அவன் தலை வைத்துப் படுக்கும் தலையணை.

"மாமி... இதெல்லாம் என்ட சாமானெல்லோ!"

"ஓம் மருமகன். கெதியா இறக்குங்க, எனக்குக் காத்தான்குடி பஸ் போயிரும்."