இடையில் ஒரு கொக்கு

கெளுத்தியின் முள்ளை அவன் ஒடிக்கவில்லை.

அதுதான் நடந்தது. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு தானாக நடந்தது.

காற்றடைத்த லாரி டியூபில் உட்கார்ந்து ஆற்றில் மீன் பிடிப்பவனுக்குச் சட்டம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. கெளுத்தி மாட்டினால் முதலில் முள்ளை ஒடி. பிறகு மடிக்குக் கொண்டு வா. அவ்வளவுதான்.

அவன் ஒடிக்கத்தான் போனான். அதற்குள் கால் கட்டைவிரலில் சுற்றியிருந்த இன்னொரு தூண்டில் நரம்பு வெடுக்கென்று இழுத்தது.

சின்ன மீன் இழுக்கிற இழுப்பு இல்லை.

கொடுவா.

கெளுத்தியை அப்படியே மடியில் போட்டுவிட்டுக் காலுக்குப் பாய்ந்தான். நரம்பை விரலிலிருந்து அவிழ்த்து வலது கையில் பிடித்துக்கொண்டான். கெளுத்தி ஒரு துள்ளு துள்ளி, டியூபில் ஒரு குத்து குத்திவிட்டு, ஆற்றுக்குள் போய்விட்டது. வந்த வேலை முடிந்தது போல.

உஸ்.

பிள்ளை தூங்குகிற வீட்டில் யாரோ வாயில் விரல் வைத்துச் சொல்வது மாதிரி.

இடது கைக் கட்டைவிரலை ஓட்டையில் வைத்து அழுத்தினான். சத்தம் குறைந்தது.

இப்போது ஒரு கையில் காற்று. ஒரு கையில் மீன்.

துழாவுவதற்குத் துடுப்பு மாதிரி கையில் மாட்டிக்கொள்ளும் ரப்பர் செருப்பு ஜோடி டியூபின் மேல் சும்மா கிடந்தது. மீனை விட்டுவிட்டு ஒரு கையால் துழாவலாம். ஒரு கையால் துழாவினால் டியூப் இருந்த இடத்திலேயே சுற்றும். பார்க்க அழகாக இருக்கும்.

ஆறு கடலுக்கு இறங்கிக்கொண்டிருந்தது. தூரத்தில், முகத்துவாரத்தில், அலை வெள்ளையாக உடைந்தது.

அவனுக்கு நீச்சல் தெரியும். முகத்துவாரத்துக்கு அது தெரியாது.

கூப்பிடு தூரத்தில் இன்னொரு டியூப். அதில் அவனுடைய அண்ணன் கலியமூர்த்தி.

தூரம்தான் கூப்பிடு தூரம். கூப்பிட முடியாது.

அவன் மகளுடைய மஞ்சள் நீராட்டு விழா பேனரில் தாய்மாமன் ஆள் உயரத்துக்கு நின்றார். பெரியப்பா கலியமூர்த்தி தபால்தலை அளவில், கீழ் மூலையில், கயிறு கட்டுகிற ஓட்டைக்குப் பக்கத்தில். அந்தப் பேனர் இன்று அவன் வீட்டு ஆட்டுக்குக் கூரை. அன்று நின்ற பேச்சு மட்டும் இன்னும் நின்றபடி நிற்கிறது.

பேச்சு நின்றவர்கள் பேசிக்கொள்ள ஊரில் வழி இருக்கிறது. தெருவில் என்றால் நாயிடம் சொல்வார்கள். கொல்லையில் என்றால் கோழியிடம்.

ஆற்றில் இவர்களுக்குக் கொக்கு.

யாரோ எப்போதோ வலை கட்டிய முளை ஒன்று ஆற்று நடுவில் நிற்கிறது. அதன் மேல் கொக்கு நிற்கும். அண்ணன் தம்பி விவகாரம் முழுக்க அதற்குத் தெரியும். வெளியே சொன்னதில்லை.

அண்ணன் பார்த்துவிட்டார்.

"ஏ கொக்கே, முள்ள ஒடிக்காம கெளுத்திய மடியில போட்டுக் கொஞ்சுற ஆள நீ பாத்துருக்கியா?"

"கொக்கே, அடுத்தவனுக்குக் கொடுவா மாட்டுனா சில பேருக்குக் கண்ணு எரியும். நீ கண்டுக்காத."

"கொடுவாவா? புடிச்ச மீன கடல்லயே கொண்டுபோயி விடப் போறாராம். கேட்டுக்க."

கொக்கு கேட்டுக்கொண்டது.

இந்தப் பருவத்தில் ஆற்றில் இறங்கிய ஒருவனுக்கும் கொடுவா கிடைக்கவில்லை. இதைத் தோளில் போட்டுக்கொண்டு அண்ணன் வீட்டு வாசல் வழியாகப் போக வேண்டும். மெதுவாகப் போக வேண்டும். அவன் வீட்டுக்கு அது வழியே இல்லை.

விரல் மரத்தது. விரலுக்கடியில் காற்று கசிந்தது. டியூப் ஒரு பக்கமாகத் தளர்ந்தது. இடுப்பில் இருந்த தண்ணீர் விலாவுக்கு ஏறியது.

இனிக் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

வாக்கியத்தை மனதுக்குள் ஒரு தரம் சொல்லிப் பார்த்தான். கெஞ்சுவது மாதிரி இருக்கக் கூடாது. தகவல் மாதிரி இருக்க வேண்டும்.

"ஏ கொக்கே..."

கொடுவா தண்ணீரை விட்டு முழுசாக எழும்பியது. தலையை உதறியது. முளையின் பக்கத்திலேயே தொப்பென்று விழுந்தது.

கொக்கு பறந்துவிட்டது.

அண்ணனும் தம்பியும் வெறும் முளையைப் பார்த்தார்கள்.

அலைச் சத்தம் கிட்டே வந்தது.

அண்ணன் துழாவத் தொடங்கினார். செருப்பு மாட்டிய இரண்டு கையும் தண்ணீரைப் பளார் பளார் என்று அறைந்தன. அருகில் வந்து ஒரு கையை நீட்டினார். கழற்ற நேரமில்லை. செருப்போடு நீட்டினார்.

கரையில் யாராவது நின்றிருந்தால், ஒருவழியாகச் செருப்படி வரைக்கும் வந்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள்.

பிடிக்க அவனிடம் கை இல்லை.

நரம்பைப் பல்லில் கவ்விக்கொண்டான். வலது கையால் செருப்பைப் பிடித்தான்.

அண்ணன் அவனை இழுத்து, அந்தக் கையைத் தன் டியூபின் கயிற்றில் வைத்து ஒரு அழுத்து அழுத்தினார். பிறகு முன்பக்கம் திரும்பி, இரண்டு கையாலும் கரையைப் பார்த்துத் துழாவினார்.

கொஞ்ச தூரம் போனார்கள்.

பழக்க தோஷம், அண்ணன் ஒரு தரம் முளையைப் பார்த்தார். அது காலியாகவே இருந்தது.

"முள்ள ஒடிக்கணும்டா."

அவனிடம்தான். வேறு யாரும் இல்லை.

பதில் சொல்ல வேண்டிய இடம். சொல்லாமல் இருக்க நல்ல காரணமும் இருந்தது. அது பல்லுக்கிடையில் விண்ணென்று இழுத்துக்கொண்டிருந்தது. நல்ல நீளம். தோளில் போட்டால் வால் முழங்காலில் இடிக்கும்.

அண்ணன் திரும்பிப் பார்க்கவில்லை. துழாவுவது மட்டும் கொஞ்சம் மெதுவானது.

அவன் வாயைத் திறந்தான்.