பால் வழியும் பக்கம்

குமிழி நடுவுக்கு வருவதாக இல்லை.

தளம் சரிவா என்று காட்டும் நீர்மட்டக் குழாயை அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு மறுபடியும் வெளியே இறங்கினேன். காலையிலிருந்து ஏறி இறங்கி முழங்கால் இரண்டும் கழன்றுவிட்டன.

வீடும் பஸ்ஸும் ஒன்றாகச் செய்த பழைய மோட்டார்ஹோம் இது. சில்லுகளுக்கு மேலே வில்லுக்குப் பதிலாகக் காற்றுப்பைகள், மூலைக்கு ஒன்று. வால்வைத் திருப்பிக் காற்றை ஏற்றினால் அந்த மூலை எழும்பும். திறந்துவிட்டால் இறங்கும்.

சொல்வதற்குச் சுலபம்தான். மேற்குப் பக்கத்துப் பின் பையில் ஒழுக்கு. மற்ற மூன்றையும் நான் சரிக்கட்டி முடிப்பதற்குள் அது மெல்லக் குந்திவிடும்.

"இஞ்சாருங்கோ, மட்டமா இருக்கோணும். ஒரு பக்கமும் சரியக்கூடாது," என்று என் மனைவி கஜந்தினி யன்னலால் எட்டிச் சொன்னாள். இதையே எத்தனை தரம் சொல்லிவிட்டாள்.

மொன்ட்ரியால் நகரத்து வில்லரேயில் நாங்கள் இருந்த வீட்டைத் திருத்தப்போவதாகச் சொல்லி வீட்டுக்காரர் எங்களை எழுப்பி அனுப்பிவிட்டார். வாடகை ஒப்பந்தமெல்லாம் மாறுகிற யூலை முதலாம் திகதிக்குள் வீடு கிடைக்காதவனுக்கு இந்த ஊரில் தெருதான். நல்லகாலம், மொன்ட்ரியால்-நோரில் கராஜ் வைத்திருக்கும் றெக்ஸ் அண்ணை, பின்வளவில் நின்ற இந்த வண்டியைக் காட்டிப் பனிக்கு முன் வீடு பார்க்கும்வரை இருக்கச் சொன்னார்.

வண்டியானாலும் வீடு வீடுதானாம். பால் காய்ச்சாமல் குடிபூரமாட்டேன் என்று கஜந்தினி நின்றாள். பொங்கும் பால் எந்தப் பக்கம் வழிகிறது என்று பார்க்கவேண்டும். கிழக்கே வழிந்தால் நல்லது. தெற்கே கூடவே கூடாது. இங்கே தெருப்பலகை சொல்லும் கிழக்கு உண்மையான கிழக்கில்லை என்று கைபேசியில் திசை பார்த்து வண்டியை நிறுத்தவைத்ததும் அவள்தான்.

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. அடுப்பு எந்தப் பக்கம் சரிந்திருக்கிறதோ அந்தப் பக்கம் பால் வழியும். அவ்வளவுதான் விஷயம்.

ஆனால் அவளுடைய பயம் எனக்குத் தெரியும். வில்லரே வீட்டுக்குக் குடிபோன அன்று நான் ஜான்-டலோன் சந்தையில் பெட்டி இறக்கிக்கொண்டிருந்தேன். அவளும் தமக்கையும்தான் பால் காய்ச்சினார்கள். அந்த வருடமே எங்கள் முதற்பிள்ளை வயிற்றிலேயே போய்விட்டது. பால் எந்தப் பக்கம் வழிந்ததென்று நான் கேட்கவில்லை, அவள் சொல்லவும் இல்லை. கேட்பானேன், தெற்கேதான் வழிந்திருக்கும்.

இப்போது அவளுக்கு ஏழாம் மாதம். வேலை முடிந்து வந்து கட்டையாக விழுகிற நான் இடையில் விழித்துப் பார்த்தால், வயிற்றில் கையை வைத்தபடி பிள்ளை அசைகிறதா என்று காத்துக்கொண்டிருப்பாள். அதைப் பார்க்க எனக்குத் தாங்குவதில்லை.

ஒருவழியாகக் குமிழி நடுவில் வந்து நின்றது. கஜந்தினி குனிந்து பார்த்துத் திருப்திப்பட்டு, பாற்சட்டியை அடுப்பில் வைத்தாள்.

"ஒழுக்கை ஒருக்காப் பாத்திட்டு வாறன்," என்று சொல்லி இறங்கினேன்.

கிழக்குப் பக்கத்துப் பைகள் இரண்டிலும் காற்றைத் திறந்துவிட்டேன். கொஞ்சம்தான், இரண்டு விரல் அளவு. உள்ளே நிற்கிறவளுக்குத் தெரியாது, பாலுக்குத் தெரியும்.

நான் ஏறி வரும்போது பால் நுரைத்து எழும்பிக்கொண்டிருந்தது. இருவரும் மூச்சுவிடாமல் நின்றோம். விளிம்புக்கு வந்து ஒரு கணம் நின்று, கிழக்குப் பக்கமாகக் கொட்டோகொட்டென்று கொட்டியது.

"கிழக்கு! பாத்தீரோ?" என்றேன், பெரிய கெட்டிக்காரன் மாதிரி.

கஜந்தினி அடுப்பை அணைத்தாள். அவள் முகம் வெளிறிப்போயிருந்தது.

"அண்டைக்கும் கிழக்குப் பக்கம்தான் வழிஞ்சது," என்றாள். "அக்கா கைதட்டினவ."

வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள். "வேறை எந்தப் பக்கமெண்டாலும் பரவாயில்லையெண்டு இருந்தனான்."

பிள்ளையார் பிடிக்கப்போய்க் குரங்காகிவிட்டது. அவளைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. செய்த வேலையை ஒளிக்காமல் சொன்னேன்.

ஏசுவாள் என்று நினைத்தேன். ஏசவில்லை. கண்ணைத் துடைத்தாள், சட்டியைக் கழுவினாள், பால்பெட்டியில் மிச்சமிருந்ததை அதில் ஊற்றினாள்.

"போய் மட்டமாக்கிப்போட்டு வாங்கோ. இந்தமுறை உண்மையா."

போனேன். காற்றை ஏற்றினேன், உள்ளே வந்து குமிழியைப் பார்த்தேன், திரும்ப இறங்கினேன். கடைசியில் குமிழி நடுவில் நின்றதும் அவள் அடுப்பைப் பற்றவைத்தாள்.

கூட நிற்க எனக்குத் தைரியம் வரவில்லை. வண்டி இம்மியும் சரியாமலிருக்க, ஒழுகும் பையின் வால்வைப் பிடித்தபடி வெளியிலேயே நின்றேன்.

உள்ளே பால் பொங்கித் தீயில் விழும் சத்தம் கேட்டது.

"கிழக்காலை வேண்டாம் முருகா, தெற்காலை விழட்டும்," என்று யாரோ சொல்லிக்கொண்டிருந்தார்கள். அது நான்தான் என்று தெரிய எனக்குச் சற்று நேரமெடுத்தது.