செண்டுமல்லி மேசை

"உயிரோட இருக்கறவனுக்கு யாராச்சும் படையல் வைப்பாங்களா, ஏஞ்சலா? எடு அந்தப் படத்தை," என்றாள் செல்லம்.

மெக்சிகோவுக்கு வேலைக்குப் போன மகன் செல்வா அங்கேயே விபத்தில் போய்ச் சேர்ந்தான் என்று அவள் புருஷன் காளியப்பன் வந்து சொல்லிச் சில வருஷம் ஆகிவிட்டது. கூலாய் ஊருக்கே தெரிந்த சேதி, பெற்றவள் காதில் மட்டும் ஏறவேயில்லை.

ஏஞ்சலா, கூலாய் நட்புக்கரம் சங்கத்தின் தலைவி. செனாய் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் மெக்சிகோக் குடும்பங்களோடு சங்கம் நெருங்கிப் பழக வேண்டும் என்பது அவள் ஆசை. சும்மா மீஹூன் சேமியா பிரட்டிப் போட்டால் அவர்கள் ஒரு பக்கம், நாம் ஒரு பக்கம் என்று தின்றுவிட்டுக் கிளம்பிவிடுவோம். அதனால் கல்லறைத் திருநாள் வாரத்தில் அவர்களுடைய வழக்கத்தையே எடுத்துக்கொண்டாள்.

ஒரு நீள மேசை. அதன்மேல் செத்துப்போனவர்களின் படம், மெழுகுவர்த்தி, அவர்களுக்குப் பிடித்த சாப்பாடு, சுற்றிலும் செண்டுமல்லி. அந்த ஒரு சாயங்காலம் போனவர்கள் திரும்பி வந்து நம்மோடு உட்காருவார்களாம். அட, நம்ம படையல் மாதிரியே இருக்கிறதே என்று சங்கத்து ஆட்களும் ஆளாளுக்கு அப்பா, சித்தப்பா படங்களைக் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள்.

செல்வா படம் மட்டும் வரவில்லை. காளியப்பனிடம் கேட்டால், அதெல்லாம் வேண்டாம் லா என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். பாவம், அப்பன் மனசு தாங்கவில்லை என்று எல்லாரும் விட்டுவிட்டார்கள்.

ஏஞ்சலா விடுவாளா? பழைய சங்க விருந்துப் படத்திலிருந்து செல்வாவைத் தனியாக வெட்டியெடுத்துச் சட்டம் போட்டு, அவனுக்குப் பிடித்த நாசி லெமாக், தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலத்தோடு மேசையில் வைத்துவிட்டாள். நல்ல மனசுதான், குறை சொல்ல முடியாது. ஒரு தடவை வாய்விட்டு அழுதுவிட்டால் செல்லம் தேறிவிடுவாள் என்று நம்பினாள்.

செல்லம் படும் பாடு அப்படி. சில நாள் வீட்டு டெலிபோன் அடிக்கும். காளியப்பன் எடுத்து, ராங் நம்பர் என்று வைத்துவிடுவார். அது செல்வாதான், அவன் மூச்சு விடுகிற சத்தம் எனக்கு இங்கே வரைக்கும் கேட்கிறது என்று இவள் சாதிப்பாள்.

இன்றைக்குக்கூட மெக்சிகோ ஆட்கள் வருகிறார்கள் என்றதும்தான் சங்க மண்டபத்துக்குப் படி ஏறி வந்தாள். என் மகனைப் பார்த்தீங்களா, என் மகனைப் பார்த்தீங்களா என்று தனக்குத் தெரிந்த மலாயில் ஒவ்வொருவரிடமும் கேட்டுவிட்டாள். அவர்களும் பாவப்பட்டு, இல்லை என்று தலையை ஆட்டினார்கள்.

"விளக்கு வைக்காதடி, அவன் ஆயுசு கொறைஞ்சிடும்," என்று கெஞ்சினாள் செல்லம். ஏஞ்சலா அவள் தோளை அணைத்துக்கொண்டே மற்ற கையால் மெழுகுவர்த்தியைப் பற்ற வைத்தாள். அவளுக்கும் கண் கலங்கித்தான் இருந்தது.

அப்போது கீழே, கடைவரிசைப் பக்கம் ஒரு கார் ஹாரன் கேட்டது. சின்னதாக இரண்டு தரம்.

செல்லம் நிமிர்ந்தாள். "செல்வா வண்டி. அவன்தான் இப்படி அடிப்பான்."

எல்லாருக்கும் மயிர்க்கூச்செறிந்துவிட்டது. செண்டுமல்லி வாசம் திடீரென்று சாவு வீட்டு வாசம் மாதிரி மூக்கில் ஏறியது. கதவோரம் நின்றிருந்த காளியப்பன் முகம் வெளுத்து, கைக்குக் கிடைத்த நாற்காலியில் உட்கார்ந்தார். நெஞ்சுவலியோ என்று யாரோ தண்ணீர் எடுக்க ஓடினார்கள்.

படியேறி ஓர் இளம் பெண் வந்தாள், இடுப்பில் ஒரு குழந்தை. போன மாதம்தான் செனாய்க்கு மாற்றலாகி வந்த மெக்சிகோக் குடும்பத்துப் பெண், பெயர் மரிசோல். ஏஞ்சலா டெலிபோனில் அழைத்திருந்தாள், நேரில் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

மரிசோல் சிரித்துக்கொண்டே மேசையைப் பார்த்து வந்தவள், செல்வா படத்தின் முன் நின்றுவிட்டாள். சட்டென்று குனிந்து மெழுகுவர்த்தியை ஊதி அணைத்தாள். படத்தை எடுத்து மார்போடு வைத்துக்கொண்டாள்.

ஏஞ்சலாவுக்குக் கோபம் வந்துவிட்டது. அது செத்துப்போன பையன், இவங்க மகன் என்று மலாயில் சொல்லப் போனாள். மரிசோல் முன்பே படத்தில் பார்த்த முகம்போல, அவளைத் தாண்டிச் செல்லத்திடம் போய் நின்று, தட்டுத் தடுமாறித் தமிழில் பேசினாள்.

"அத்தை, நான் உங்க மருமக. மாமாவுக்கு என்னைப் பிடிக்கல. செல்வா போன் பண்ணினா மாமா வைக்கிறார், மறுபடி பண்ணினா மறுபடி வைக்கிறார். அதான் நேரா வந்தோம்."

காளியப்பன் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. மரிசோல் படத்தையும் மேசையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இவர் படம் ஏன் இங்க? கீழ கார் நிறுத்திட்டு வர்றார்."