நாளுக்கொரு நோய்

"வலி வலது பக்கமா, இடது பக்கமா?" என்று டாக்டரம்மா கேட்டதும் சலூன்காரர் திணறிப்போனார். போன தடவை எந்தப் பக்கம் சொன்னோம் என்பது மறந்துவிட்டது. எதற்கும் இருக்கட்டும் என்று நடு வயிற்றைத் தடவிக் காட்டி முகத்தைச் சுளித்துவைத்தார்.

டாக்டரம்மா அழுத்திப் பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார், மாத்திரை எழுதினார். மேஜை ஓரத்தில் அவருடைய மதியச் சாப்பாடு மூடி திறக்காமல் ஆறிக்கிடந்தது. என்ன ஒரு கடமை உணர்ச்சி என்று சலூன்காரருக்குப் பெருமை தாங்கவில்லை.

வெளியே வந்ததும் அவருடைய வயிற்று வலி போன இடம் தெரியவில்லை. காது வலியை வாத்தியார் எடுத்துக்கொண்டார், நீங்கள் முழங்கால் வலி என்றே சொல்லுங்கள் என்று வரிசையில் நின்ற தையல்காரரின் காதைக் கடித்துவிட்டு நடையைக் கட்டினார்.

ஏற்பாடு முழுக்க அவருடையதுதான். ஆளே வராத ஆஸ்பத்திரிக்குச் சம்பளம் எதற்கு என்று சொல்லித்தான் முன்பிருந்த டாக்டரை மேலிடம் தூக்கியது. அதன் பிறகு பிரசவம் என்றாலும் பாம்புக்கடி என்றாலும், குண்டும் குழியுமான ரோட்டில் டவுனுக்கு ஓட வேண்டியிருந்தது. அப்படி ஓடியபோதுதான் சலூன்காரரின் மகள் முதல் குழந்தையை வழியிலேயே பறிகொடுத்தாள். இப்போது அவளுக்கு மறுபடியும் நிறைமாதம்.

விளம்பரத்துக்கு மேல் விளம்பரம் கொடுத்தும், அந்தச் சம்பளத்துக்கு ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. இந்த டாக்டரம்மா மட்டும்தான் பெட்டியோடு வந்து இறங்கினார். அதுவும் தற்காலிக வேலை. கூட்டம் வந்தால் நிரந்தரம், இல்லாவிட்டால் கதவைப் பூட்ட வேண்டியதுதான்.

விடுவாரா சலூன்காரர்? சவரத்துக்கு உட்கார்ந்தவர்களின் கழுத்தில் கத்தியை வைத்தபடியே, யாருக்கு என்றைக்கு என்ன நோய் என்று முடிவு செய்து அனுப்பினார். பல்லே இல்லாத மாமனாரைப் பல் வலிக்கு அனுப்பியது மட்டும் கொஞ்சம் அதிகப்படி.

ஒரு நாள் ஜீப்பில் மேலதிகாரி வந்து இறங்கினார். தெருமுனை வரை நீண்ட வரிசையைப் பார்த்து அசந்துபோனார். உள்ளே போய் டாக்டரம்மாவிடம் பேசிவிட்டு வந்தவர், வாசலில் நின்ற சலூன்காரரின் தோளைத் தட்டினார்.

"இவ்வளவு சீக்காளிங்களை வெச்சுக்கிட்டு டாக்டர் இல்லாம எப்படிய்யா காலம் தள்ளுனீங்க? இந்த போஸ்ட்டை நிரந்தரமாக்கிட்டோம். இனிமே யாரும் கை வைக்க முடியாது."

சம்பளம் கூடுமா என்று சலூன்காரர் கேட்டார். அதற்குள் அதிகாரி ஜீப்பில் ஏறிவிட்டார்.

போகட்டும், பிரசவத்துக்கு டாக்டர் நிச்சயம். சலூன்காரர் தலைகால் புரியாமல் உள்ளே ஓடினார். டாக்டரம்மா தன் புத்தகங்களை ஓர் அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். வேலையை விட்டுவிட்டதாகவும், கடிதத்தை இப்போதுதான் அதிகாரியின் கையில் கொடுத்ததாகவும் தலை நிமிராமல் சொன்னார்.

சலூன்காரருக்கு மகளின் முகம் கண்முன் வந்து நின்றது.

"சம்பளம்தானேம்மா பிரச்சினை? ஊர்ல வசூல் பண்ணியாவது மேல போட்டுக் குடுத்துடறோம். போகாதீங்கம்மா."

டாக்டரம்மா பெட்டியை மூடிவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ளவே அவருக்குக் கஷ்டமாக இருந்தது.

"சம்பளம் கம்மின்னு தெரிஞ்சுதாண்ணே வந்தேன். சின்ன ஊரு, கூட்டமே வராதுன்னு சொன்னாங்க."