இரண்டு விரல் யானை

“யானை ரெண்டு விரல் அகலத்துக்கு மேல போகக் கூடாது டீச்சர்.”

நெட்டை ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் சேர்த்து மேசைமேல் வைத்துக் காட்டினான். வகுப்பிலேயே உயரம் என்பதால் அவனுக்கு அந்தப் பெயர்.

கைவேலை டீச்சர் அவன் முன்னால் கிடந்த பொருட்களைப் பார்த்தாள். காலித் தீப்பெட்டி ஒன்று, பழைய செய்தித்தாள், சோப்பு டப்பாவின் அட்டை, கண்ணுக்கு இரண்டு கடுகு. எல்லாம் அவள் வீட்டிலிருந்து பையில் போட்டுக் கொண்டுவந்தவை. புதன்கிழமைதோறும் அவள் இங்கே வருவாள். தூக்கிப் போடுகிற சாமானில் என்னென்ன செய்யலாம் என்று சொல்லிக்கொடுப்பாள். கத்தரிக்கோல், ஊசி, கம்பி எதுவும் வகுப்புக்குள் வரக் கூடாது என்பதில் அலுவலகம் கண்டிப்பு. யாராவது குத்திக்கொண்டால் யார் பதில் சொல்வது? ஆகவே அட்டையை மடித்து, மடிப்பை ஈரவிரலால் நனைத்து, கையாலேயே கிழிக்க வேண்டும். பசை, மாவு காய்ச்சிய பசை.

முதல் வாரம் நெட்டை கிழித்ததெல்லாம் கோணல். ஒரு காகிதத்தைக் கசக்கி எறிந்துவிட்டு, தனக்கு இதெல்லாம் வராது என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இன்று அவனே தீப்பெட்டியைக் கேட்டு வாங்கியிருக்கிறான்.

“ரெண்டு விரல்ல யானையா? கொஞ்சம் பெரிசாத்தான் செய்யேன் தம்பி. முட்டை அட்டை கூட இருக்கு.”

“வேணாம் டீச்சர். இதுதான் அளவு.”

பக்கத்தில் மூடிகளைச் சக்கரமாக வைத்து ரயில் ஒட்டிக்கொண்டிருந்த குண்டு விடவில்லை. “யானைன்னு ஆரம்பிச்சு எலியில கொண்டுபோய் விடுவான் பாருங்க டீச்சர். தும்பிக்கைய வாலுன்னு சொல்லிட்டா வேலை முடிஞ்சுது.”

மேசையைச் சுற்றியிருந்த மற்றப் பதினோரு பேரும் சிரித்தார்கள். நெட்டை தலை நிமிரவில்லை. காகிதத்தைச் சுருட்டி நான்கு கால் வைத்தான். தும்பிக்கை வைத்தான். தன் துண்டின் ஓரத்திலிருந்து ஒரு நூலைப் பிரித்து வால் வைத்தான். காதில் வந்து மாட்டிக்கொண்டான். அட்டைக் காது இரண்டும் பக்கத்துக்கு ஒரு விரல் நீட்டிக்கொண்டு நின்றன. மறுபடி விரலை வைத்து அளந்தான். முகம் வாடிவிட்டது.

காதைக் கொஞ்சம் சின்னதாகக் கிழித்துக்கொள்ளச் சொன்னாள் டீச்சர். சின்னக் காது வைத்தால் பன்றி என்று சொல்லிவிடுவார்கள் என்றான் அவன். வீட்டில் யானை என்றால் உயிராம். ஏமாற்ற முடியாதாம்.

“யாருக்கு இது?”

“ஞாயித்துக்கிழமை வீட்லேர்ந்து பார்க்க வர்றாங்க டீச்சர்.” பசை படிந்த விரலைத் துண்டில் துடைத்தான். குரல் இறங்கியது. “போன தடவை வந்தப்போ ஒரு வார்த்தை பேசலை. மூஞ்சியையே காட்டலை.”

“கோபமா?”

“கோபம்னாக்கூடத் தேவலை. நான் யாருன்னே தெரியாத மாதிரி…”

டீச்சர் பையைத் துழாவினாள். பழைய துணித்துண்டு ஒன்றை எடுத்து, காதையும் தலையையும் சேர்த்து ஒட்டுவது எப்படி என்று காட்டினாள். துணி கீல் மாதிரி வேலை செய்யும். அழுத்தினால் காது உடம்போடு ஒட்டிப் படுக்கும், விட்டால் விரியும். நெட்டை அதை நாலைந்து தடவை மடித்து விரித்துப் பார்த்தான். அன்றைக்கு முதல்முறையாக அவன் பல் தெரிந்தது.

ஐந்து மணிக்கு மணி அடித்தது. எல்லாரும் வரிசையில் நின்றார்கள். தலை எண்ணியவர் பதினொன்று என்றார். திரும்ப எண்ணினார், அதே பதினொன்றுதான். நெட்டை மேசையை விட்டு எழுந்திருக்கவே இல்லை. பசை காயவில்லையாம். டீச்சர் தன் வருகைப் பதிவேட்டையே விசிறியாக்கி யானைக்கு வீசினாள். எண்ணுகிறவரும் கடிகாரத்தைப் பார்ப்பதுபோல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

யானையை அலுவலகத்தில் கொடுத்துவிட்டால் அவர்களே ஞாயிற்றுக்கிழமை சேர்த்துவிடுவார்களே என்று கிளம்பும்போது அவள் சொன்னாள்.

“இல்ல டீச்சர். என் கையாலதான் குடுக்கணும்.”

ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு அங்கே வேலையில்லை. வீட்டில் துணி ஊறிக்கொண்டிருந்தது. ஊறட்டும் என்று விட்டுவிட்டுக் கிளம்பினாள். பார்வையாளர் அறைக்குள் அவள் காலெடுத்து வைத்தது அதுதான் முதல் தடவை. ஒரே சந்தைக்கடைச் சத்தம். ஆளுக்கு ஆள் முண்டியடித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். கடைசி ஜன்னலருகே ஒரு பெண். அவள் இடுப்பில் நான்கு வயதுக் குழந்தை, தாயின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு. பாரும்மா, திரும்பிப் பாரும்மா என்று அவள் கெஞ்சக் கெஞ்ச, அது இன்னும் அழுத்தமாகப் புதைத்துக்கொண்டது.

ஜன்னலின் இரும்புக் கம்பிகளுக்கு நடுவே சரியாக இரண்டு விரல் இடைவெளி. அதன் வழியே, காதை மடித்துக்கொண்டு ஒரு யானை வந்தது. இந்தப் பக்கம் வந்ததும் காது விரிந்தது.

குழந்தை ஒற்றைக் கண்ணால் பார்த்தது. பிறகு இரண்டு கண்ணாலும். எட்டி அதை வாங்கிக்கொண்டு, கம்பிகளுக்குப் பின்னால் எண் தைத்த வெள்ளைச் சட்டையில் நின்ற அந்த நெட்டை மனிதனை வெகுநேரம் உற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னது:

“யானையே வெளிய வந்துடுச்சு. நீயும் வாப்பா.”