கண்ணில் படும் விலை

கிள்ளான் நகர மருந்துக்கடையின் பிளாஸ்டிக் நாற்காலியில் நாகையா உட்கார்ந்திருக்கிறார். எதிரே, அவருடைய இதய மாத்திரைப் பெட்டிக்குக் கீழே, அரசாங்கம் கட்டாயமாக்கிய விலைச்சீட்டு குழல்விளக்கில் பளிச்சென்று தெரிகிறது. இத்தனை நாள் அந்த விலை மகன் லோகனுக்கு மட்டும்தான் தெரியும். லோகன் சீட்டைக் கைபேசியில் படமெடுத்துக் குடும்ப வாட்ஸ்அப்பில் போடுகிறான். "இன்சூரன்ஸ் வார்டுல படுத்தாதான் குடுக்குமாம், மாத்திரைக்கு இல்லையாம். காச எல்லாரும் ஷேர் பண்ணணும்லா," என்று குரலையும் பதிந்து அனுப்புகிறான். கண்ணாடிக் கதவு திறக்கும்போதெல்லாம் வெளியே பூக்கடை மல்லிகை மணம் உள்ளே வந்து, ஏசி குளிரில் செத்துப்போகிறது. கைபேசி கிணுகிணுக்கிறது. பந்திங் ஊரிலிருக்கும் மகள் ரோகிணியின் குரல் கடை முழுக்கக் கேட்கிறது: "மாசாமாசமா? அப்பாவுக்கு எண்பது ஆகப் போவுதுலா. யோசிச்சு செய்யிண்ணே." லோகன் அவசரமாகச் சத்தத்தைக் குறைக்கிறான். அப்பாவின் முகத்தை அவன் பார்க்கவில்லை; விலைச்சீட்டையே பார்த்துக்கொண்டு நிற்கிறான். உண்மையாகவே யோசிக்கிறான். நாகையா சட்டைப்பையிலிருந்து தீர்ந்துபோன மாத்திரை அட்டையை எடுத்து, கிழிந்த குழிகளைக் கட்டைவிரலால் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்க்கிறார். கவுண்டரில் நிற்கும் பெண் சிரித்த முகத்தோடு கேட்கிறாள்: "அங்கிள், மருந்து யாருக்கு?" நாகையா அட்டையை உள்ளங்கைக்குள் மறைத்துக்கொள்கிறார். "தெரிஞ்சவரு ஒருத்தருக்கும்மா. சும்மா விலை பாக்க வந்தோம்," என்கிறார். லோகன் போய்க் கண்ணாடிக் கதவைத் திறந்து பிடிக்கிறான்.