தோத்தாபுரி, தரம் நன்று

சித்தூரில் எங்கள் மாங்கூழ் ஆலையின் ஆய்வகத்தில் படித்துப் பயிற்சி பெற்றவர்கள் ஆறு பேர் இருந்தோம். தரம் பார்க்கும் இயந்திரம் வந்ததும் மற்றவர்களை அனுப்பிவிட்டார்கள். சான்றிதழில் ஒரு பட்டதாரியின் கையெழுத்து வேண்டும் என்பதால் என்னை மட்டும் வைத்துக்கொண்டார்கள். இயந்திரத்தை வாங்கியவர் மேனேஜர் ஹரிபாபு. மாங்கூழுக்கும் மஞ்சள் பெயின்ட்டுக்கும் அவருக்கு வித்தியாசம் தெரியாது.

மழையால் அன்று தோத்தாபுரி மாம்பழம் ஏற்றிய ஒரு லாரியும் வரவில்லை. பெல்ட் வெறுமனே ஓடியது. திரையில் ‘தோத்தாபுரி, தரம் நன்று’ என்று வந்தது. மூடிய டப்பாக்கள் வரிசையாக வெளியே வந்தன.

“கையெழுத்து போடும்மா, தேன்மொழி,” என்றார் ஹரிபாபு.

“பழமே வர்ல சார்.”

“மிஷினே ஓகே சொல்லிக்கினு கீது. நீ இன்னா அதுக்கு மேல சயின்டிஸ்ட்டா? போடு, இல்ல நீயும் அவங்களாட்டம் கெளம்பு.”

ஒரு டப்பாவைத் திறந்து காட்டினேன். உள்ளே காய்ந்த தகரம்தான் இருந்தது. அவர் அதில் ஸ்பூனை விட்டு எடுத்து நக்கினார்.

“பாகுந்தி, நல்லாக்கீது,” என்றார். “இந்தா, நீயும் துன்னு பாரு.”

அவர் மோவாயில் மஞ்சள் சாறு வழிந்தது.

பேனாவை மேசையில் வைத்துவிட்டுக் கிளம்பினேன். வாசலில் திரும்பிப் பார்த்தேன். அவர் டப்பாவை வழித்துத் தின்றுகொண்டிருந்தார். ஈக்கள் அவர் வாயை மொய்த்தன. டப்பாவின் பக்கம் ஒன்றுகூடப் போகவில்லை.